கழுத்து மட்டம்

இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது தன் பேச்சுதான் கடைசிப் பேச்சாக இருக்க வேண்டும் என்று முத்திரைக்காரர் முடிவு செய்தது ஒரு பாட்டிலை முன்னிட்டு. இதே முடிவை இதற்கு முன்னாலும் பல தடவை செய்திருக்கிறார். பாத்ரூமுக்கு என்ன நிறம் அடிப்பது, கட்டிலில் சுவர்ப் பக்கம் யார் படுப்பது, மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்று எல்லாவற்றிலும் முதல் பேச்சு அவருடையதாகத்தான் இருந்தது. கடைசிப் பேச்சுக்கு வரும்போது அவர் அநேகமாக வேறு அறையில் இருப்பார்.

முத்திரைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். எடையளவுத் துறையில் ஆய்வாளர் அவர். கடைத் தராசு, பெட்ரோல் பம்பு, எண்ணெய் அளக்கும் குவளை எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் கம்பி கோத்து, ஈயக் குண்டு வைத்து, இடுக்கியால் நசுக்கி முத்திரை போடுவது வேலை. அவர் தெருமுனையில் திரும்பினாலே பழக்கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், அடியில் மெழுகு பூசிய குவளை, கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்கும் முள் என்று அவர் பார்க்காத தில்லுமுல்லு கிடையாது. தன்னை அளவில் ஏமாற்ற இன்னும் ஆள் பிறக்கவில்லை என்று சொல்லிக்கொள்வார். அலுவலகத்தில் மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், அவர் காதில் விழும் தூரத்தில் இருக்கும்போது.

துறையின் முதல் பாடத்தை அவர் மறந்ததே இல்லை. கோட்டைச் சந்தேகப்படாதே, சரக்கைச் சந்தேகப்படு. கோடு நாம் போட்டது. சரக்கு கடைக்காரன் ஊற்றியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு எந்தப் பக்கம் என்று யோசிக்க ஒன்றுமில்லை.

பாடத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். பீரோவில் ஒரு சாம்பல் நிறப் பேன்ட் தொங்கியது. கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. வருஷத்துக்கு ஒரு நாள், கல்யாண நாளன்று, அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் கொக்கியை மாட்டி, மனைவி முன்னால் வந்து நிற்பார். கொக்கி தானாகப் போய் உட்காரும். மனைவி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கீங்க" என்பாள். இடுப்பை அவர் டேப் வைத்து அளந்ததே கிடையாது. அத்தாட்சி பீரோவில் தொங்கும்போது டேப் எதற்கு?

பாட்டில் வந்தது கப்பல் மாமாவிடமிருந்து. முத்திரைக்காரரின் தாய்மாமா கப்பலில் இன்ஜின் பார்த்தவர். கல்யாணம் என்ற பேச்செடுத்தாலே அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறவர். எப்போதோ அயர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி நின்றபோது வாங்கி, திறக்காமலே பெட்டிக்குள் வைத்துவிட்டார். மாமா இறந்த பிறகு பெட்டியைப் பிரித்தார்கள். ரேடியோ ஒருவருக்கு, கம்பளிக் கோட்டு ஒருவருக்கு என்று போயிற்று. குடிக்காதவன் கையில் இருந்தால்தான் பத்திரமாக இருக்கும் என்று பாட்டிலை இவர் தலையில் கட்டினார்கள். இவர் வாழ்நாளில் இருமல் மருந்துக்கு மேல் வீரியமான எதையும் குடித்ததில்லை.

குண்டு உடம்பு. நீளமான, நேரான கழுத்து. வாயில் கருஞ்சிவப்பு மெழுகு. லேபிளில் ஒரு ஆலை, அதன் புகைபோக்கி, மேலே கொஞ்சம் மேகம். உள்ளே பழைய தேன் நிறத்தில் விஸ்கி, கழுத்தின் பாதி வரைக்கும்.

மனைவி சாப்பாட்டு மேஜையில் அதைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்கப் போறீங்களா?"

"நானா?"

"யாருக்காவது குடுக்கப் போறீங்களா?"

"எதுக்கு?"

"அப்ப இது எதுக்கு?"

அவரிடம் பதில் இல்லை. இந்த வீட்டில் ஒரு பொருள் எதற்கு என்று சொல்ல முடியாவிட்டால் அது அடுத்த வாரம் பழைய சாமான் வண்டியில் இருக்கும். அவருடைய டேப் ரிக்கார்டரும் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக் கோப்பையும் அந்த வண்டியில்தான் போயின. கோப்பையில் ஒரு செடியாவது நட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. வண்டி அதற்குள் தெருவைத் தாண்டிவிட்டது.

பதில் கிடைத்தது பல் டாக்டரிடம். கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் நாற்காலியில் சாய்ந்தபடியே போனில் இருந்த படத்தைக் காட்டினார். பல் டாக்டர் பழைய விஸ்கி பாட்டில்களின் சேகரிப்பாளர் என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, போனை விளக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த ஆலையை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது என்றார். இருந்ததில் முக்கால்வாசியை ஜனங்கள் குடித்துத் தீர்த்துவிட்டார்கள், மிச்சத்தை என்னைப் போலப் பைத்தியங்கள் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார். பிறகு ஒரு விலை சொன்னார். முத்திரைக்காரர் வாயில் பஞ்சு. பதில் சொல்ல முடியவில்லை. டாக்டர் அந்த மௌனத்தைப் பேரமாக எடுத்துக்கொண்டு விலையை ஏற்றினார். பஞ்சை மாற்றினார், மறுபடி ஏற்றினார். கடைசியில் வாய் காலியானதும் முத்திரைக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "விக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார். அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. ஆனால் சொன்னதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. மற்றவர்கள் கேட்கக் கேட்கக் கொடுக்காமல் இருக்கக்கூடிய ஒரு பொருள் வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கையில் இருந்தது.

"சேகரிப்பு" என்று வீட்டுக்கு வந்து அறிவித்தார். "இது எதுக்குன்னு கேட்டியே. சேகரிப்பு."

"ஒரு பாட்டிலா?"

"சேகரிப்பு ஒண்ணுலதான் ஆரம்பிக்கும்."

"எதுல முடியும்?"

"திறக்கக் கூடாது, விக்கக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது. இந்த ஒரு விஷயத்துல என் பேச்சுதான்."

மனைவி, தன் அண்ணனுக்கும் இப்படித்தான் தபால்தலையில் ஆரம்பித்தது என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே பல் டாக்டர் நேரில் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்தார். விற்காவிட்டாலும் பரவாயில்லை, ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதிகளைச் சொன்னார். பாட்டில் நிற்க வேண்டும். படுக்கப்போட்டால் சரக்கு கார்க்கைத் தின்றுவிடும். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, அதிர்வு ஆகவே ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே மட்டம். சேகரிப்பாளர் முதலில் லேபிளைப் பார்க்க மாட்டார், மட்டத்தைத்தான் பார்ப்பார்.

"கழுத்துல இருக்கிற வரைக்கும் இது ராஜா" என்றார் டாக்டர். "தோளுக்கு இறங்கிடுச்சுன்னா வேலைக்காரன். கார்க் விட்டுப்போச்சுன்னா காத்து குடிக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் நிக்காது. மணம் போய், வெறும் கசப்புத் தண்ணி மிஞ்சும்."

"அப்படி ஆனா?" என்று கேட்டது மனைவி. மூலையில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஆனா யோசிக்கவே கூடாதும்மா. உடனே திறந்து குடிச்சிடணும். மனுஷனாவது குடிச்ச மாதிரி இருக்கும்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பல் டாக்டர் முகம் சுளித்தார்.

விதிகளுக்குப் பொருந்தும் இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. சமையலறை சூடு. படுக்கையறைச் சுவரில் மத்தியானம் முழுக்க வெயில் அடிக்கும். தெருவைப் பார்த்த முன்னறை மட்டும் வடக்கு நோக்கியது. வெயில் நேராக விழாது. குளிர்ச்சி. காலை முதல் சாயங்காலம் வரை சீரான வெளிச்சம். அதனால்தான் மனைவியின் தையல் மெஷின் அந்த ஜன்னலோரத்தில் இருந்தது.

அவள் புதுத் துணி தைப்பதில்லை. ஆல்டரேஷன் மட்டும்தான். இறுகியதைத் தளர்த்துவாள், தொங்குவதை ஏற்றுவாள், பழைய கோட்டுக்குப் புது லைனிங் வைப்பாள். வெட்டித் தைப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம், பிரித்துத் தைப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது அவள் கட்சி. அவள் பிரித்துத் தைத்த இடத்தை உடையின் சொந்தக்காரராலேயே கண்டுபிடிக்க முடியாது. மூன்று தெருவுக்கு அப்பாலிருந்தும் துணியைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள்.

மெஷின் அங்கே ஓடினால் பாட்டில் அதிரும் என்று முத்திரைக்காரர் விஞ்ஞானபூர்வமாக நிரூபித்தார். பாட்டிலை வைத்திருந்த முன்னறை அலமாரி மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, மெஷினை ஓட்டச் சொன்னார். தண்ணீரில் வளையம் வளையமாக வந்தது.

"பாத்தியா? நடுங்குது."

"தண்ணிதானே நடுங்குது. விஸ்கி நடுங்கினா சொல்லுங்க."

"மெஷினை நடைவழில போட்டுக்கலாம். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல நல்ல இடம் இருக்கு."

"அங்க ஜன்னல் இல்லையே."

"பல்பு இருக்கே."

மனைவி அவரைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். அலமாரிக்குள் நின்ற பாட்டிலைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

அனுபவம் உள்ள எந்தக் கணவனும் அந்த இடத்தில் தானே மெஷினைத் தூக்கி ஜன்னலோரம் திரும்ப வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பான். முத்திரைக்காரருக்கும் அனுபவம் உண்டு. ஆனால் வெற்றியில் இருக்கிறவனுக்கு அனுபவம் நினைவுக்கு வருவதில்லை. மெஷின் நடைவழிக்குப் போயிற்று. ஜன்னலுக்குக் கனமான திரை வந்தது. முன்னறையில் விஸ்கி குடியிருக்க, பாத்ரூமுக்குப் போகும் முத்திரைக்காரர் துணி மூட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போனார். அவர் அதை ராஜநடை என்று நினைத்துக்கொண்டார்.

இனி மட்டத்துக்கு ஒரு கோடு வேண்டும். பேனாவால் போட்டால் அழியும். காகிதம் ஒட்டினால் உரியும். மனைவியிடம் கெட்டியான நூல் கேட்டார். கோட்டுப் பொத்தானுக்குத் தைக்கும் மெழுகு நூலில் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தாள்.

"வழுக்காதே?"

"இறுக்கிக் கட்டினா பிடிச்சுக்கும்ங்க."

விஸ்கி நின்ற மட்டத்துக்குச் சரியாகப் பாட்டிலின் கழுத்தைச் சுற்றி நூலைக் கட்டினார். இரண்டு முனையையும் ஈயக் குண்டுக்குள் விட்டு, இடுக்கியால் நசுக்கினார். அரசாங்க அச்சைச் சொந்தச் சாமானுக்குப் பயன்படுத்துவது தப்பு என்று மனசு உறுத்தியதால், காலாவதியான பழைய அச்சைத் தேடி எடுத்துத்தான் நசுக்கினார். அலமாரிக்குப் பூட்டு போடவில்லை. முத்திரை இருக்கும் இடத்தில் பூட்டு அவமரியாதை. குண்டை உடைக்காமல் நூலை அவிழ்க்க எவனாலும் முடியாது என்று மனைவிக்கு விளக்கினார்.

"அவிழ்க்க முடியாதுதான்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

முதல் சோதனை மச்சான் உருவத்தில் வந்தது. மனைவியின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வருஷக்கணக்காக மற்றவர்கள் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகியதால், சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையில் பிரேக் அழுத்தும். வயிறு ஸ்டியரிங்கைத் தொடும் அளவு. அவரைப் பார்க்கும்போதெல்லாம் முத்திரைக்காரர் தன் சாம்பல் நிறப் பேன்ட்டைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருக்க மாட்டார். அளவு தெரிந்து சாப்பிட வேண்டும் மச்சான் என்பார். மச்சான் தங்கையைப் பார்ப்பார். தங்கை வேறு எங்கேயோ பார்ப்பாள்.

"ஒரு மூடி, மாப்பிள்ளை" என்றார் மச்சான். "பாட்டில் மூடி அளவுக்கு. நாக்குல பட்டாப் போதும்."

"திறந்தா அதோட மதிப்பு போச்சு மச்சான்."

"திறக்காம இருந்தா மட்டும் அதுக்கு மதிப்பு இருக்கிறது அதுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க குடிக்கிறதில்லையே."

"அதனாலதான் தெரியும்."

மச்சானின் கால் பிரேக்கை அழுத்தியது. முத்திரைக்காரர் அசையவில்லை. அடுத்த ஞாயிறும் அசையவில்லை. விலையை இன்னொரு படி ஏற்றிப் போன் செய்த பல் டாக்டரிடமும் அசையவில்லை. இத்தனை காலம் எதிலும் அசையாமல் நிற்க வாய்ப்புக் கிடைக்காதவர் எல்லாவற்றையும் சேர்த்து இப்போது நின்றார். அலுவலகத்தில்கூட நடை மாறிவிட்டது. ஞாயிறு காலை காபி முடிந்ததும் டார்ச் விளக்கோடு முன்னறைக்குப் போய், முழங்காலை மடக்கி, கண்ணை நூலுக்கு நேராக வைத்துப் பார்ப்பார். விஸ்கி நூலில் இருக்கும். எழுந்து வரும்போது முகத்தில் ஒரு களை இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் வக்கீலின் கோட்டு திரும்பி வந்தது. கறுப்புக் கோட்டுக்கு லைனிங் மாற்றித் தந்திருந்தாள். வக்கீல் கோர்ட்டில் கையைத் தூக்கியபோது, உள்பக்கத் தையல் நீலத்தில் இருப்பதை எதிர்த்தரப்பு வக்கீல் எல்லார் முன்னாலும் சுட்டிக் காட்டினாராம். வக்கீல் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதுதான் மனைவிக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் தையலை யாரும் கண்ணால் பார்த்ததே கிடையாது.

கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். பாத்ரூமுக்குப் போக வந்தவர் நிற்க வேண்டியதாயிற்று.

"இந்தப் பல்புல கறுப்பும் நீலமும் ஒண்ணாத் தெரியுதுங்க. எனக்கு என் ஜன்னல் வேணும்."

இந்த இடத்தில் அவர் கொஞ்சம் ஆடித்தான் போனார். ஆனால் மச்சானிடமும் டாக்டரிடமும் நின்ற மனிதர், சொந்த வீட்டு நடைவழியில் விழுந்தால் நன்றாகவா இருக்கும்?

"கண்ணாடிய மாத்திக்கோ" என்றார்.

மனைவி கோட்டிலிருந்து நீல நூலை உருவ ஆரம்பித்தாள். "சரிங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு டார்ச் வெளிச்சத்தில் விஸ்கி நூலில் இல்லை. நூலுக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். டார்ச்சின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். மயிரிழை மயிரிழையாகவே இருந்தது. குளிருக்குத் திரவம் சுருங்கும் என்பதால் தெர்மாமீட்டர் கொண்டுவந்து வைத்தார். அறை எப்போதும் போலத்தான் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து ஈயக் குண்டைப் பார்த்தார். அச்சு பளிச்சென்று இருந்தது. முடிச்சு அவர் போட்ட முடிச்சு. முத்திரை உடையவில்லை. ஆகவே கோடு சரி. ஆகவே சரக்குதான் குறைகிறது.

அதற்கடுத்த ஞாயிறு இரண்டு மயிரிழை.

முதல் சந்தேகம் மச்சான் மேல். வந்ததும் வராததுமாக அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். மச்சானுக்கு அதுவே புதுசு. கட்டிப்பிடித்த நிலையிலேயே முகத்துக்கு நேராக மூச்சு விடச் சொன்னதும் மச்சான் விலகிக்கொண்டார்.

"நான் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறவன் மாப்பிள்ளை. என்னையே ஊதச் சொல்றீங்களா?"

"சும்மா ஒரு சோதனை."

"தங்கச்சி, இவருக்கு என்ன ஆச்சு?"

"அளவு குறையுதாம் அண்ணே" என்றாள் அவள், நடைவழியிலிருந்து.

மச்சானிடம் இருமல் மிட்டாய் வாசனைதான் வந்தது. இரண்டாவது சந்தேகம் பல் டாக்டர் மேல் போயிற்று. ஊசி போடுகிறவர். மெழுகு வழியாக, கார்க் வழியாக, யாருக்கும் தெரியாமல் ஊசியை விட்டு உறிஞ்சத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் வந்து மாதமாகிறது. மெழுகிலும் துளை இல்லை. ஒரு நாள் முழுக்க எறும்பைக்கூடச் சந்தேகப்பட்டார். எறும்புகள் நேர்க்கோட்டில்தான் நடந்தன.

மிஞ்சியது காற்று. காற்றுக்கு நோட்டீஸ் கொடுக்க முடியாது. காற்றின் கடைக்கு முத்திரை வைக்க முடியாது. டாக்டர் சொன்னது போலவே கார்க் விட்டுப்போயிருக்கிறது. திருடன் குடித்துக்கொண்டிருக்கிறான், கண்ணில் படவும் மாட்டான். முத்திரைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் ஒரு எண்ணெய்க் கடைக்காரரின் குவளை உண்மையிலேயே குறைவாக இருந்தும், "பரவாயில்லைங்க, எல்லாருக்கும் குறையுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். துறையில் அதை இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

மனைவி ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிறு காலை அவர் முன்னறையிலிருந்து வெளியே வரும்போது மட்டும், தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டே, "எவ்வளவுங்க?" என்பாள். அவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காட்டுவார். விரல்களுக்கு நடுவே இடைவெளி வாரா வாரம் வளர்ந்தது.

டாக்டரை வரவழைத்தார். டாக்டர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, போன தடவை பார்த்ததற்கு ரொம்ப வித்தியாசம் தெரியவில்லையே என்று இழுத்தார்.

"நூலைப் பாருங்க டாக்டர். அன்னிக்கு இங்க இருந்தது."

"நூல் சரியா இருக்கும்னு..."

"முத்திரை இருக்கு."

ஈயக் குண்டையும் அதில் இருந்த அரசாங்க அச்சையும் பார்த்தபின் டாக்டர் மேலே பேசவில்லை. அரசாங்கமே சொல்கிறதென்றால் தன் ஞாபகத்தில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வேகத்தில் போனால் சீக்கிரமே தோளுக்கு இறங்கிவிடும் என்றார். இனி இதை யாரும் வாங்க மாட்டார்கள், நான் உட்பட, என்றும் வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

அன்று முத்திரைக்காரர் முன்னறையில் தனியாக நின்று யோசித்தார். மச்சானுக்கு ஒரு மூடி தர மறுத்தவன் நான். டாக்டருக்கு எந்த விலைக்கும் தர மறுத்தவன். கட்டின மனைவிக்கு ஒரு ஜன்னல் தர மறுத்தவன். எல்லாரையும் மறுத்துவிட்டு, கேட்காமலே வந்து குடிக்கிற காற்றுக்குச் சொட்டுச் சொட்டாகத் தாரை வார்ப்பதா? முதுகு மறுபடி நிமிர்ந்தது.

"தர மாட்டேன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரையும் வரச் சொன்னார். மச்சான் புதுச் சட்டை போட்டு வந்தார். டாக்டர் சாவுக்கு வந்தவர் போல வெள்ளைச் சட்டையில் வந்தார். முத்திரைக்காரர் பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, இதை யாருக்கும் பயந்து திறக்கவில்லை, யார் கேட்டும் திறக்கவில்லை, என் பாட்டிலை என் இஷ்டத்துக்கு நானே திறக்கிறேன் என்று அறிவித்தார். மனைவி டம்ளர்களை அடுக்கினாள். ஒன்று கூடுதலாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மெழுகை உடைத்தார். கார்க் முனகிக்கொண்டே வெளியே வந்தது. அறை முழுக்க ஒரு மணம் பரவியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் கால் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டருக்குப் போயிற்று.

"ஒரு நிமிஷம்" என்றார் முத்திரைக்காரர்.

காற்று எவ்வளவு குடித்தது என்று கணக்குத் தெரியாமல் அவரால் ஒரு சொட்டும் ஊற்ற முடியாது. ஆய்வுப் பையிலிருந்து கண்ணாடித் தரஜாடியை எடுத்தார். ஊரில் உள்ள குவளைகளுக்கெல்லாம் எது அளவோ அந்த ஜாடி. பாட்டிலைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் அதில் ஊற்றினார். முழங்காலை மடக்கி, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்தார்.

வைத்தபடியே இருந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

டாக்டரும் குனிந்து பார்த்தார். பிறகு பாட்டிலின் லேபிளை எடுத்துப் படித்தார். மறுபடியும் ஜாடியைப் பார்த்தார்.

"லேபிள்ல போட்டிருக்கிற அளவு அப்படியே இருக்கே" என்றார். "ஒரு சொட்டுகூடக் குறையலை."

முத்திரைக்காரர் மெல்ல எழுந்து காலிப் பாட்டிலைக் கையில் எடுத்தார். கழுத்தில் நூல், முடிச்சு, ஈயக் குண்டு. எல்லாம் அவர் கட்டியபடியே. நூல் மட்டும் மெழுகு இருந்த வாய்க்குக் கிட்டே ஏறி உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் லேசாகத் தள்ளினார். நூலும் முடிச்சும் முத்திரையும் சேர்ந்து, வளையல் மாதிரி, கழுத்தில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கின. மேலே தள்ளினார். ஏறின.

டாக்டர் ஜன்னல் திரையைப் பார்த்தார். மச்சான் டம்ளரைப் பார்த்தார். மனைவி ஜாடியைத் தூக்கி, நான்கு டம்ளரிலும் ஊற்றினாள். நான்கும் ஒரே மட்டம். தன்னுடையதை எடுத்து ஒரு வாய் குடித்து, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"பழைய மர பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. மாமா பாவம், குடிச்சிருக்கலாம்."

"எப்ப?" என்றார் முத்திரைக்காரர்.

"கண்ணாடிய மாத்திக்கச் சொன்னீங்களே, அன்னிக்கு ஆரம்பிச்சேன்."

"முத்திரை இருந்ததே."

"நான் முத்திரையத் தொடவே இல்லைங்க. நூலைத்தான் தொட்டேன். அதுவும் என் நூலு."

அவர் தன் டம்ளரை எடுத்தார். வாழ்நாள் விரதத்தை யாரையும் கேட்காமல், யாருக்கும் தலைவணங்காமல், ஒரே மடக்கில் முறித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது விஸ்கியால் வந்தது என்று யார் கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தார். யாரும் கேட்கவில்லை. டாக்டர் இரண்டாவது வாயில் இருந்தார். மச்சானும் மனைவியும் நடைவழிக்குப் போய் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திரை சரசரவென்று ஒதுங்கியது. முன்னறையில் பழைய வெளிச்சம் வந்து உட்கார்ந்தது.

மனைவி ஜன்னலோரம் அமர்ந்து, கறுப்பு நூலையும் நீல நூலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறுப்பை ஊசியில் கோத்தாள்.

முத்திரைக்காரர் அவள் முன்னால் போய் நின்றார். தோற்றவர் மாதிரி நிற்கவில்லை. ஆய்வுக்கு வந்தவர் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உண்மையைச் சொல்லு. இந்த வீட்டுல இது மாதிரி வேற எந்த அளவையாவது நகர்த்தியிருக்கியா?"

மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுத்து, அவருடைய பெல்ட் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தச் சாம்பல் கலர் பேன்ட் ஒண்ணுதாங்க" என்றாள். "அதுலயும் இனிமே பிரிச்சு விடத் துணி இல்லை."